தெத்துப்பல்

அத்தியாயம் 14

"இப்படித்தானே இருந்துச்சு?" என்று பல் டாக்டர் கேட்டார்.

கேட்டது, நாற்காலியில் வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தவரை. பதில் சொன்னது, மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

"ஆமா டாக்டர். அப்படியேதான்."

சொல்லி முடித்த பிறகுதான் பெரியவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இந்த வாய் இருக்கிறதே, சில நேரம் நம்மைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. திறந்துவிட்டுப் பிறகு நம்மைப் பார்த்து முழிக்கும்.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றுதான் முதல் முறையாகக் கதவைத் தட்டுகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். அண்ணன், தம்பி இரண்டு பேரும் ஒரே பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறவர்கள். அண்ணனுக்கு முதல் நாற்காலி, அதாவது முன்னணியில் தனியாக ஊதுகிற இடம். தம்பிக்கு அதற்கு அடுத்தது, இரண்டாவது நாற்காலி. ஊரே அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் அழைத்தது. அதனால் வந்த மருமகள்களும் பெரியவள், சின்னவள் ஆனார்கள். கீழ்வீட்டில் பெரியவன் குடும்பம், மாடியில் சின்னவன் குடும்பம். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒத்திகை முடிந்து இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ஓட்டியவன் அண்ணன். மழை, பள்ளம், அவ்வளவுதான். அண்ணனுக்கு மேல்வரிசையில் நாலு முன்பல் போயிற்று. தம்பி வீட்டுக்கு வரவேயில்லை.

அன்றிலிருந்து சின்னவள் கணவனின் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. மாடியில் அவள் நடக்கிற சத்தம் மட்டும் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

"அச்சுல இருந்த மாதிரியே எடுத்திருக்கோம்" என்றார் டாக்டர், தன் வேலையில் தானே மயங்கி. "பக்கத்துப் பல்லோட சேர்ற இடம்தான் கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. ராவிச் சரி பண்ணிட்டேன். அந்தத் தெத்துப்பல்லைக்கூட விடல பாருங்க."

கண்ணாடியை நீட்டினார். பெரியவர் அதை வாங்கவில்லை. ஐந்து மாதமாக அவர் எந்தக் கண்ணாடியையும் பார்ப்பதில்லை. சவரம்கூட விரலால் தடவித் தடவித்தான். கீழ்த்தாடையில் இரண்டு இடத்தில் இன்றும் பிளேடு கீறிய தடம் இருந்தது.

டாக்டர் கண்ணாடியை மனைவியிடம் காட்டுவது போலத் திருப்பினார். அதில் ஒரு நொடி அந்த வாய் தெரிந்தது. புதுப்பல் நாலு. நடுவில் வலது பல், இடது பல்லின் மேல் லேசாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பெரியவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்போதைக்குத் தற்காலிகமா ஒட்டியிருக்கேன். திங்கட்கிழமை பத்தரைக்கு வாங்க, நிரந்தரமா ஒட்டிடலாம். அந்தத் தெத்து உறுத்துச்சுன்னா அப்பவே சொல்லுங்க, ராவி நேராக்கிடறேன். ஒட்டினதுக்கப்புறம் தொட முடியாது."

அவர் தலையசைத்தார். நாக்கு உள்ளே நகர்ந்து நகர்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது.

*

பேருந்தில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். பேசவில்லை. மரத்துப் போன உதட்டை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பெரியவளுக்கு அது நல்லதாகப் போயிற்று. அவர் பேசியிருந்தால் அவள் உளறியிருப்பாள்.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் பேண்டு மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். பித்தளை வாத்தியம் ஊதுகிறவன் ஒவ்வொருவனும் பல் நன்றாக இருக்கும்போதே அதற்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊதுகிறவனுக்கு உதட்டுக்குப் பின்னால் நிற்கும் பல்தான் சுவர். சுவர் இடிந்தால் அதே அளவில் எழுப்ப வேண்டும். கடுகளவு மாறினாலும் முப்பது வருஷமாகப் பழகிய உதடு எங்கே போய் நிற்கும்? அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் போய் அச்சு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே பிஸ்கட் டப்பாவில் பஞ்சு போட்டு வைத்தார்கள். அண்ணன் அச்சின் அடியில் ஒரு கோடு, தம்பி அச்சின் அடியில் இரண்டு கோடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலமாரியைத் துடைக்கும்போது பெரியவள் கையிலிருந்து டப்பா நழுவியது. ஒரு கோடு போட்ட அச்சு மூன்று துண்டானது. இரண்டு கோடு போட்டது அப்படியே இருந்தது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். அண்ணனிடம் வால்வு எண்ணெய் கேட்க வந்தவன்.

"அண்ணி, மூச்சு விடாதீங்க" என்று துண்டுகளைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அண்ணனுக்குப் பல்லு போச்சுன்னா என்னோடதை எடுத்துக் குடுத்துடுங்க. அவரு என்ன கண்டுபிடிக்கவா போறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தத் தெத்துப்பல்லோடு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். அந்த வீட்டில் அப்படிச் சிரிக்க அவன் ஒருவனால்தான் முடியும். அவளும் சிரித்துவிட்டாள். ஒரு விளையாட்டுப் பேச்சு. அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவேயில்லை.

இப்போது அண்ணனுக்குப் பல் போயிற்று. முதலில் கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று செய்து பார்த்தார்கள். ஊதினால் அது தாடையை விட்டுக் கிளம்பி நாக்கில் வந்து விழுந்தது. பிறகுதான் நிலையாக ஒட்டுகிற பல் என்று முடிவாயிற்று. அச்சைக் கொண்டு வா என்றார் டாக்டர். ஒரு வாரம் அவள் டப்பாவைத் திறக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. எட்டாம் நாள், இரண்டு கோட்டையும் உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தையல்காரி அவள். இருபது வருஷமாக ஊராருக்குத் தைக்கிறாள். ஒருத்தர் அளவுச் சட்டையைக் கொடுத்து இன்னொருத்தருக்குத் தைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் செய்தாள். இன்று மாலை நான்கு மணிக்குப் பேண்டு மாஸ்டர் அவரை ஊதச் சொல்லிக் கேட்கப் போகிறார். தேறினால் நாற்காலி. தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வந்துவிடுவார், ஏற்கெனவே ஒருவர் இரண்டு முறை வந்து ஊதிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஊதுவதைத் தவிர இவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஊதாத இந்த ஐந்து மாதத்தில் மனிதர் சாப்பிடுவதையும் தூங்குவதையும்கூட யாரோ சொல்லிச் செய்கிறவர் போல் ஆகிவிட்டார். அவருக்கு வேறு வழி இல்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்லிக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் அவர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அலுவலகச் சீருடை ஒன்று, காலர் பாக்கி இருந்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பெட்டி இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது. சின்னவள் ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பெட்டியின் அளவைப் பார்த்தால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

உள்ளேயிருந்து முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தினார். மறுபடி காற்று. அவள் மிஷினை மெதுவாக மிதித்தாள். அவர் ஊதுவது காதில் விழாதது போல இருப்பதுதான் மரியாதை என்பது அவள் எண்ணம்.

அப்புறம் அது வந்தது.

முதலில் 'ஸ்' என்று ஒரு சின்னச் சீறல். ஊசி முனை அளவுதான். அதன் பின்னாலேயே ஒரு நீண்ட சுரம், தாழ்ந்து, கதகதப்பாக, கொஞ்சம் சோம்பலாக எழுந்து நின்றது. பெரியவளின் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

அவள் கணவரின் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியும். அது நேராக, பளிச்சென்று வந்து நிற்கும், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. இது அது இல்லை. இது மாடியிலிருந்து இருபத்திரண்டு வருஷம், தினமும் காலை பதினொரு மணிக்குக் கேட்ட சத்தம். தெத்துப்பல்லின் இடுக்கு வழியாகக் காற்று முந்திக்கொண்டு போவதால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் அந்த 'ஸ்' வரும். பேண்டு மாஸ்டர் திட்டுவார், அண்ணன் திட்டுவார், சின்னவன் கேட்டுக்கொண்டு மறுநாளும் அப்படியே ஊதுவான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

மாடியில் நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. பிறகு படிகளில் இறங்கியது. வேகமாக இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

சின்னவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஈரக்கையில் துண்டு இருந்தது. ஐந்து மாதத்தில் முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"யாரு அக்கா ஊதறது?"

"அவர்தான். புதுப்பல்லு இன்னிக்குத்தான் வெச்சாங்க."

"அவரு இல்ல" என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் கேட்கறேன்."

பெரியவள் சொன்னாள். எழுந்து நிற்கக்கூட முடியாமல், மிஷின் முன்னாலேயே உட்கார்ந்து, பாதி தைத்த காலரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா விழுந்தது, சின்னவன் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டது, விளையாட்டாக அவன் சொன்னது, அவள் கோடுகளைத் தேய்த்து அழித்தது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்பு என்றும் சொன்னாள். சின்னவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பிறகு நேராகப் போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

அவர் திரும்பினார். வாத்தியம் கீழே இறங்கியது. உதட்டில் மவுத்பீஸ் அழுந்திய வட்டம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியதில் வாய் பாதி திறந்திருந்தது. சின்னவள் அந்த வாயை மட்டும் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று பெரியவளுக்குச் சொல்லத் தெரியாது. பிறகு திரும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

*

"நான் சாயங்காலம் போகல" என்றார் அவர்.

பெரியவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இனி மறைத்து என்ன. வாயைத் திறக்கப் போனாள். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குத் தெரியும். வாயில வெச்ச உடனே நாக்கு சொல்லிடுச்சு. இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து ஊதியிருக்கேன். அவன் பல்லு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அங்கேயே சொல்லல?"

"நீதான் முந்திக்கிட்டியே." வாத்தியத்தின் வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். "அப்புறம் நான் இல்லன்னு சொன்னா, புடுங்கிடுவாங்கன்னு தோணுச்சு. புடுங்கி ஒரு தட்டுல போட்டுடுவாங்க."

அவர் பேச்சிலும் அந்த 'ஸ்' இருந்தது.

பிறகு அவர் சொன்னதுதான் ஐந்து மாதமாக அவர் யாரிடமும் சொல்லாதது. அன்று ஒத்திகையில் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் அந்தச் சீறலுக்காகத் திட்டினார். அண்ணனுக்கு மானம் போய்விட்டது. வழியெல்லாம் வண்டியில் தம்பியைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தார்.

"அவன் பின்னாடி உட்கார்ந்து சிரிச்சான். உனக்குத் தெரியுமே, சத்தமில்லாம சிரிப்பான். முதுகுல குலுங்கறது தெரிஞ்சுது. நான் திரும்பினேன். திட்டணும்னு திரும்பினேன். ரோட்டைப் பார்க்கல."

உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னால் அது பொய். தப்பு என்று சொல்ல நாக்கு வராது. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுத்தாள். டப்பா உடைந்த அன்று சின்னவன் சொன்னதைச் சொன்னாள். அண்ணனுக்குப் பல்லு போச்சுன்னா என்னோடதை எடுத்துக் குடுத்துடுங்க, அவரு என்ன கண்டுபிடிக்கவா போறாரு.

அவர் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சத்தமில்லாமல், வலது பல் இடது பல்லின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பெரியவள் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். எத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர்! அவரைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது.

கதவருகே நிழல் தட்டியது. சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியாது. இந்த முறை படிகளில் சத்தமே கேட்கவில்லை.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னவள் அவரைப் பார்க்காமல் பெரியவளிடம் கையை நீட்டினாள். கையில் ஒரு வெள்ளி மவுத்பீஸ், சின்னவனுடையது. ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டிக் கொடுத்த சாமான்களில் வந்தது. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது.

"இதைக் குடுங்க. அந்தப் பல்லுக்கு அவரோட மவுத்பீஸ் நிக்காது. மேல போறப்பல்லாம் கிழியுது. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் தன் மவுத்பீஸைக் கழற்றி இதைப் பொருத்தினார். உதட்டில் வைத்தார். ஒரே மூச்சில் சுரம் மேலே ஏறி நின்றது, கிழியாமல், தடுமாறாமல். அதற்கு முன்னால் 'ஸ்'.

*

ஒத்திகைக் கூடத்தில் பேண்டு மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். யாரைத் தேர்வு செய்தாலும் அவருக்கு அதுதான் பழக்கம். ஊதுகிறவன் முகத்தைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பார். முகத்தில் பரிதாபம் வந்துவிடும், காதுக்குப் பரிதாபம் கிடையாது என்பார். அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அறிவிப்புப் பலகை. அதில் போன வருஷத்து விடுமுறைப் பட்டியல் இன்னும் தொங்கியது.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலி, இரண்டாவது நாற்காலி இரண்டும் காலி. பெரியவள் கடைசியில், அடுக்கி வைத்திருந்த இசைத்தாள் ஸ்டாண்டுகளின் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், மறுத்துவிட்டாள்.

"ம்" என்றார் மாஸ்டர் சுவரைப் பார்த்து.

பெரியவர் ஊதினார். நீண்ட சுரம் ஒன்று. ஆரோகணம், அவரோகணம். பிறகு குழுவுக்கெல்லாம் மனப்பாடமான ஒரு பகுதி, அதில் முதல் டிரம்பெட் தனியாக மேலே ஏறி, தனியாக இறங்கி வர வேண்டும். தப்பில்லாமல் ஊதினார். தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது வரியிலேயே கிளாரினெட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டிரம் வாசிப்பவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை மேலே ஏறும்போது, மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே, அலுத்துச் சலித்த பழைய குரலில் சொன்னார்.

"டேய் சின்னவனே, அந்த 'ஸ்'ஸை விடுன்னு எத்தனை தடவைடா சொல்றது."

வாத்தியம் நின்றது.

மாஸ்டரின் கை, தாளம் போட உயர்ந்தது, அந்தரத்திலேயே இருந்தது. சொன்னது யாரிடம் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்த பிறகும் அவர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அப்புறம்தான் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். எழுபதை நெருங்கும் மனிதர். அன்று பெரியவள் கண்ணுக்கு அதற்கும் மேலே தெரிந்தார்.

வாயைத் திற என்று சைகை காட்டினார். பார்த்தார்.

"முதல் நாற்காலிக்கு உன் சத்தம் வேணும். இது உன் சத்தம் இல்ல" என்றார். "ரெண்டாவது காலியா இருக்கு. நீ வந்து உட்காரலாம்."

அவர் தலைகுனிந்து நின்றார்.

"ஆனா அந்த 'ஸ்'ஸோட வராதே. அவன்கிட்ட இருபத்திரண்டு வருஷம் பொறுத்துக்கிட்டேன். உன்கிட்ட என்னால ஒரு நாள்கூட முடியாது." மாஸ்டர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை ஒத்திகை. அதை எடுத்துட்டு வா. எடுக்கலன்னா, வெளியாளுக்குச் சொல்லிடுவேன். தப்பா நினைக்காதே."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ராவிவிட்டால் போயிற்று. திங்கட்கிழமை பத்தரைக்கு டாக்டர் அரத்தை எடுத்து நாலு இழு இழுத்தால் தெத்து நேராகிவிடும், சீறல் போய்விடும், செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். திரும்பி வரும்போது பேருந்தில் பெரியவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. கணவரின் தோளில் சாய்ந்துகூட உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிட்டது என்று நினைத்தாள். இவள் நினைக்கிறபடி என்றைக்கு எது முடிந்திருக்கிறது?

*

வெயில் தாழ்ந்து கூடத்தில் விளக்குப் போட வேண்டிய நேரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கவனித்தாள். மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி இல்லை.

சொல்லாமல் கிளம்பிவிட்டாளோ என்று நிமிர்ந்தால், சின்னவள் நாலாவது படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"எந்த நாற்காலி அத்தான்?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அவர் வாத்தியப் பெட்டியைக் கீழே வைத்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"ரெண்டாவது."

சின்னவள் தலையசைத்தாள். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போலிருந்தது.

"ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"தினமும் பதினோரு மணிக்கு ஊதுங்க. கதவைச் சாத்திக்கிட்டு ஊதுங்க. நான் மேல இருப்பேன், இறங்கி வரமாட்டேன்." நிறுத்தினாள். படியின் விளிம்பை விரலால் தடவினாள். "யார் திட்டினாலும் அந்த 'ஸ்'ஸை மட்டும் திருத்தாதீங்க. ஏற்கெனவே ஒரு தடவை அதைத் திருத்தப் போய்த்தான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. மத்தியானம் கதவருகே அவள் எவ்வளவு கேட்டாள் என்பது பெரியவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கேட்ட பிறகும் கையிலிருந்த மவுத்பீஸை நீட்டியிருக்கிறாள்.

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அந்த வார்த்தை வெளியே வரும் முன்பே சின்னவள் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அத்தான். ஊதினாப் போதும். என் முன்னாடி மட்டும் சிரிச்சிடாதீங்க."

ஏறிப் போனாள். மாடியில் பெட்டியின் பூட்டு திறந்தது. பீரோக் கதவு கிரீச்சிட்டது. துணிகளை ஒவ்வொன்றாக மறுபடி அடுக்குகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. போகவில்லை. இங்கேயே இருக்கப் போகிறாள், அந்தப் பதினோரு மணிக்காக.

பெரியவள் விளக்கைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை சீறல் இல்லாமல் வரச் சொன்னவர் ஒருவர். சீறல் இருக்கும்வரை இந்த வீட்டில் இருப்பேன் என்கிறவள் ஒருத்தி. இரண்டுக்கும் நடுவில் திங்கட்கிழமை பத்தரை மணி. டாக்டர் குனிந்து பார்த்து, ராவட்டுமா, அப்படியே ஒட்டிடட்டுமா என்று கேட்பார். அவள் அதே மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை அவள் முந்திக்கொள்ளப் போவதில்லை. பதிலை அவர்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொல்லப் போறீங்க என்று கேட்கத் திரும்பினாள். அவர் இன்னும் அந்தப் படியடியில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிய கை இன்னும் இறங்கவில்லை.